கற்பனைத் தைவான் தின்பண்டம்: ஒரு பண்டத்துக்கு இரண்டு பெயர் வைக்கும் கலை

தைவானின் தெற்கே தைனான் நகரத்தில் ‘சவப்பெட்டிப் பலகை’ என்ற பெயரில் ஒரு தின்பண்டம் விற்கிறார்கள். கனத்த ரொட்டித் துண்டை எண்ணெயில் பொரித்து, நடுவைக் குடைந்து, கோழிக்கறியோ கடல் உணவோ போட்ட பால் குழம்பை ஊற்றி, வெட்டியெடுத்த மேல்துண்டையே மூடியாக வைத்துத் தருவார்கள். வாங்குகிறவர்கள் யாரும் பெயரைக் கேட்டு முகம் சுளிப்பதில்லை. சீன மொழியான மாண்டரினில் சவப்பெட்டியைக் குறிக்கும் ‘குவான்-சாய்’ என்ற ஒலியில் பதவி, செல்வம் என்ற இரண்டு சொற்களும் சேர்ந்து கேட்கின்றன. அதனால் அந்தப் பெயர் நல்ல சகுனமாகவும் ஆகிவிடுகிறது.

அதே தீவில் ‘பெருங்குடல் சுற்றிய சிறுகுடல்’ உண்டு. ஒட்டும் அரிசி அடைத்த தடித்த சாசேஜைப் பிளந்து, அதற்குள் பன்றி இறைச்சி சாசேஜை வைத்துத் தருவது அது. டம்சுய் ஊரில் ‘இரும்பு முட்டை’ கிடைக்கும். முட்டையை மசாலா சேர்த்த சோயா நீரில் திரும்பத் திரும்ப வேகவைத்து உலர்த்தினால், கறுத்துச் சுருங்கி, கடித்தால் எதிர்த்துக் கடிப்பதுபோல் ஆகிவிடும். தலைநகர் தைப்பேயில் ‘தவளை பாலில் மோதியது’ என்று ஒரு பானம் இருக்கிறது. தவளை முட்டைபோல் கருகருவென்று இருக்கும் உருண்டைகளைக் குளிர்ந்த பாலில் போட்டுத் தருகிறார்கள், அவ்வளவுதான்.

நிஜமே இப்படி இருக்கும்போது, இல்லாத ஒரு தைவான் பண்டத்தை எப்படிக் கற்பனை செய்வது? கதை எழுதுகிறவர்கள், கணினி விளையாட்டு உருவாக்குகிறவர்கள், மாண்டரின் படிக்கிறவர்கள், சும்மா பொழுதுபோக்காகச் செய்கிறவர்கள் என்று பலருக்கும் இது பிடித்த பயிற்சி. விதி எளிது. பண்டம் கற்பனையாக இருக்கலாம். ஆனால் இன்றைய தைவான் வாழ்க்கையிலிருந்து ஒரு விஷயத்தை எடுத்திருக்க வேண்டும். அதற்குச் சீன மொழியில் ஒரு பெயரும் ஆங்கிலத்தில் ஒரு பெயரும் வேண்டும். விநோதமான பொருட்களைக் கலந்தால் போதும் என்றுதான் பலரும் ஆரம்பிக்கிறார்கள். சுவையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் பெயரைப் பிடியுங்கள் என்பது என் கட்சி. ஒரே பண்டத்தின் இரண்டு பெயர்களும் ஒரே வேலையைச் செய்தால், அந்தப் பண்டம் பாதி உயிரோடுதான் இருக்கும்.

முதலில், எந்த வகை?

தைவானில் தின்பண்டம் என்றால் இரண்டு உலகம். ஒன்று ‘ஷியாவ்-ச்ர்’, அதாவது சிற்றுணவு. இரவுச் சந்தையில் சூடாகச் செய்து கையில் தருவது. தைப்பேயின் ஷிலின், தைச்சுங்கின் ஃபெங்ஜியா போன்ற சந்தைகள் இதற்குப் பேர்போனவை. இன்னொன்று ‘லிங்-ஷ்ர்’, பாக்கெட்டில் வரும் நொறுக்குத்தீனி. சுமார் 2.3 கோடிப் பேர் வாழும் தீவில் 10,000க்கும் மேற்பட்ட கன்வீனியன்ஸ் ஸ்டோர்கள் இருக்கின்றன. இந்த இரண்டாம் வகைக்கு வீடு அதுதான்.

இதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். இரவுச் சந்தைப் பண்டத்துக்கு ஆங்கிலப் பெயர் கடைப் பலகையில் யாரோ கையால் எழுதியதுபோல் இருக்கும், கொஞ்சம் கோணலாகவே இருக்கலாம். பாக்கெட் பண்டத்துக்கு விளம்பரக்காரர் உட்கார்ந்து யோசித்த மினுமினுப்பு வேண்டும்.

நிஜப் பெயர்கள் எப்படிப் பிறந்தன

தைவான் 1895 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. மாவில் தோய்த்துப் பொரித்த பண்டத்தை ஜப்பானியர் ‘டெம்புரா’ என்றதை உள்ளூர்க்காரர்கள் ‘தியன்-பு-லா’ ஆக்கிக்கொண்டார்கள். ஒலிக்காகத் தேர்ந்த மூன்று சீன எழுத்துகளுக்கு அர்த்தம் பார்த்தால் ‘இனிப்பு, காரமில்லை’. பண்டமும் மாறிவிட்டது. தைவானில் அந்தப் பெயரில் பெரும்பாலும் மீன் விழுதுத் துண்டுகள்தான் வரும். டம்சுய் ஊரின் ‘ஆ-கெய்’யும் இப்படித்தான். பொரித்த டோஃபுவுக்கான (சோயாப் பாலில் செய்யும் பனீர் மாதிரிக் கட்டி) ஜப்பானியச் சொல்லின் வால் மட்டும் மிஞ்சிப் பெயராகிவிட்டது. டோஃபுவுக்குள் கண்ணாடி நூடுல்ஸை அடைத்து, வாயை மீன் விழுதால் மூடியிருப்பார்கள்.

மாண்டரின் மட்டுமே தைவானின் மொழி என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டிலும் சந்தையிலும் தைவானிய ஹொக்கியென் நிறையப் புழங்குகிறது. ஹக்கா இருக்கிறது, பழங்குடி மொழிகளும் இருக்கின்றன. சிப்பி ஆம்லெட்டை ‘ஓ-ஆ-ஜியன்’ என்று ஹொக்கியெனில் சொல்வதுதான் வழக்கம். அன்னாசிப்பழத்துக்கு ஹொக்கியெனில் ‘ஓங்-லாய்’. ‘செழிப்பு வருகிறது’ என்றும் அது கேட்கும். அன்னாசிக் கேக்கைப் பரிசாகக் கொடுக்க இதுவும் ஒரு காரணம். சிரிப்பும் நெருக்கமும் வேண்டுமென்றால் ஹொக்கியென், பாக்கெட்டில் அச்சிட மாண்டரின் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம்.

சீனப் பெயரின் கட்டமைப்பு தமிழருக்குச் சுலபம். பருப்பு வடை, வெங்காய பஜ்ஜி என்று நாம் எது என்பதைக் கடைசியில் வைப்பதுபோலத்தான் அங்கேயும். கடைசி அசைதான் பண்டத்தின் சாதி. ‘சு’ என்று முடிந்தால் வாயில் உதிரும் பேஸ்ட்ரி. ‘காவ்’ என்றால் பெரும்பாலும் ஆவியில் வெந்த கேக். ‘யுவான்’ என்றால் உருண்டையான, இழுவையான ஒன்று. ‘பிங்’ என்றால் தட்டையான ரொட்டியோ பிஸ்கட்டோ. மூன்று அல்லது நான்கு அசைகள் அளவானவை. அதற்கு மேல் போனால் கூவி விற்க முடியாது.

அப்புறம் ‘கியூ’. ஆங்கில எழுத்தான அந்தக் கியூவேதான். மென்மையாகவும் இழுவையாகவும் துள்ளலாகவும் இருக்கும் பண்டத்தைத் தைவானியர்கள் ‘கியூ’ என்பார்கள். ரொம்ப நன்றாக இருந்தால் ‘கியூகியூ’. பால் தேநீரில் உருண்டைகள் போட்டுத் தரும் பபிள் டீயின் மரவள்ளி உருண்டை இதற்கு நல்ல உதாரணம். நம் ஜவ்வரிசியின் பெரிய, கறுத்த உறவுக்காரன் அது. தைவான் பண்டத்தைக் கற்பனை செய்கிறவர் சுவையைப் பற்றி நான்கு வரி எழுதிவிட்டுப் பல்லில் அது எப்படி இருக்கும் என்று சொல்லாமல் விட்டால், அங்கே யாரும் நம்ப மாட்டார்கள்.

ஆங்கிலப் பெயர் தனி ஆள்

தைவான் அரசு 2018இல், 2030க்குள் நாட்டை இருமொழி நாடாக்குவோம் என்று திட்டம் அறிவித்தது. அதற்கு முன்பிருந்தே கடைப் பலகைகளில் ஆங்கிலம் உண்டு. பண்டங்கள் ஆங்கிலத்துக்குள் போன வழிகளைப் பார்த்தால், சில ஒலியோடு போயின, இறைச்சி வைத்து மடித்த ஆவி ரொட்டியான ‘குவா பாவ்’ அப்படி. சில அர்த்தத்தோடு போயின: நாற்ற டோஃபுவை ‘ஸ்டிங்கி டோஃபு’ என்றே ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார்கள். துளசி இலையோடு பொரித்துத் தரும் சிறு கோழித் துண்டுகளுக்குச் சீனப் பெயர் ‘உப்பு மொறுமொறு கோழி’ என்கிறது, ஆங்கிலமோ அமெரிக்கர்களுக்குப் பழக்கமான ‘பாப்கார்ன் சிக்கன்’ என்ற பெயரைக் கடன் வாங்கிக்கொண்டது.

எனக்குப் பிடித்தது பபிள் டீயின் கதை. 1980களில் பிறந்த பானம். நாங்கள்தான் கண்டுபிடித்தோம் என்று தைச்சுங்கிலும் தைனானிலும் இரண்டு தேநீர்க் கடைகள் சொல்லிக்கொண்டு நீதிமன்றம் வரை போயின. சீனப் பெயர் ‘ஜென்-ஜு நாய்-ச்சா’, முத்துப் பால் தேநீர். ஆங்கிலப் பெயரில் முத்து இல்லை, குமிழி இருக்கிறது. ஒரு பெயர் நகைக்கடை ஞாபகத்தைத் தருகிறது, இன்னொன்று குழந்தை விளையாட்டை. இரண்டில் எதுவும் மரவள்ளி மாவைப் பற்றி மூச்சுவிடவில்லை. இப்படித்தான் இருக்க வேண்டும் என்கிறேன். உள்ளூர்க்காரரைப் பார்த்துச் சீனப் பெயர் கண் சிமிட்டட்டும். வெளியூர்க்காரர் கையை நீட்டி வாங்கும்படி செய்வது ஆங்கிலப் பெயரின் பாடு.

எதிலிருந்து எடுப்பது?

தைவானில் நவீன வாழ்வும் தின்பண்டமும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ‘குவாய் குவாய்’ என்று ஒரு சோளப் பொரி பாக்கெட் உண்டு. ‘சமர்த்தாக இரு’ என்று குழந்தையிடம் சொல்வது மாதிரியான பெயர். அதன் பச்சைப் பாக்கெட்டைக் கணினி சர்வர்கள் மேலும் தொழிற்சாலை இயந்திரங்கள் மேலும் வைக்கிறார்கள், இயந்திரம் சமர்த்தாக ஓடட்டும் என்று. பச்சையாகத்தான் இருக்க வேண்டும், மஞ்சளும் சிவப்பும் ஆகாது. காலாவதித் தேதி தாண்டக் கூடாது. யாரும் பிரித்துத் தின்றுவிடவும் கூடாது. பொறியியல் படித்தவர்கள் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள், ஆனால் செய்கிறார்கள். நாம் கற்பனை செய்யப்போகும் பண்டம் இதற்குப் பக்கத்து அலமாரியில் கூச்சமில்லாமல் நிற்க வேண்டும்.

எனவே புகழ்பெற்ற கட்டடம், கொடி, மலை என்று சுற்றுலாக் கையேட்டைப் புரட்ட வேண்டாம். தினமும் அங்கே வாழ்கிறவர் அலுத்துக்கொள்ளும், சிரிக்கும், காத்திருக்கும் விஷயத்தை எடுங்கள்.

ஒன்றைச் செய்துதான் பார்ப்போமே. கணினிக்கும் போனுக்கும் உயிரான சிப் செய்யும் தொழில். மோரிஸ் சாங் 1987இல் தொடங்கிய டிஎஸ்எம்சி நிறுவனத்தின் தலைமையகம் சின்ச்சு நகரில் இருக்கிறது. சிப்கள் பிறக்கும் வட்டமான சிலிக்கான் தகட்டை ஆங்கிலத்தில் ‘வேஃபர்’ என்பார்கள். வேஃபர் என்றால் மெல்லிய பிஸ்கட்டும்தான். சரி, இது ஆங்கிலப் பக்கம். சீனப் பக்கம் பார்த்தால் அதே தகட்டுக்கு ‘ஜிங்-யுவான்’ என்று பெயர். ஜிங் என்றால் படிகம், யுவான் என்றால் வட்டம். அந்த யுவானைத்தான் மேலே பார்த்தோம். ஜாங்ஹுவா ஊரின் இறைச்சி உருண்டை ‘ரோ-யுவான்’, ஜியூஃபென் ஊரின் சேப்பங்கிழங்கு உருண்டை ‘யூ-யுவான்’. ஆக, தொழிற்சாலைத் தகட்டின் பெயர் இரண்டு மொழியிலும் ஏற்கெனவே தின்பண்டத்தின் பெயராக ஒலிக்கிறது! இப்படி ஒன்று கிடைப்பது அபூர்வம். கிடைத்தால் விடக் கூடாது.

ஆனால் ஒரு சிக்கல். யுவான் என்று முடிந்தால் தைவானியர் வாய் கியூவுக்குத் தயாராகிவிடும். வேஃபர் என்றால் வெளிநாட்டவர் மொறுமொறுப்பை எதிர்பார்ப்பார். ஒருவரை ஏமாற்றித்தான் ஆக வேண்டுமா? வேண்டாம். உள்ளங்கை அகலத்தில் இரண்டு மெல்லிய மொறுமொறு வட்டங்கள். நடுவில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு மாவில் செய்த கண்ணாடி போன்ற கியூ அடுக்கு. (ரோ-யுவானின் பளபளக்கும் தோல் அந்த மாவில்தான் வருகிறது.) மேல் வட்டத்தில் சிப் தகட்டில் இருப்பதுபோலவே குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள், கோட்டின்மேல் ஒடித்து, சதுரம் சதுரமாகத் தின்னலாம். பண்டத்தின் வடிவத்தைப் பெயர்களே முடிவு செய்துவிட்டதைக் கவனியுங்கள்.

இனிமேல் விளையாட்டுதான். சிப் உலகத்தில் 7 நானோமீட்டர், 5, 3 என்று எண் குறையக் குறையத் தொழில்நுட்பம் உயரும், விலையும் ஏறும். இந்தப் பண்டமும் மூன்று கனத்தில் வரட்டும். இருப்பதிலேயே மெல்லிய ‘3’தான் இருப்பதிலேயே விலை அதிகம். உடைந்துபோன சதுரங்களைத் தனியாகக் கட்டி, ‘தரச் சோதனையில் தேறாதவை’ என்று எழுதி மலிவாக விற்கலாம். சின்ச்சு பொறியாளர்கள் அதைத்தான் முதலில் வாங்குவார்கள் என்று நினைக்கிறேன். பெயரில் எந்த நிறுவனத்தையும் இழுக்க வேண்டாம். பொதுச்சொல்லே போதும்.

அடுத்தது ரசீது. தைவானில் கடையில் பொருள் வாங்கினால் தரும் ரசீதில் எட்டு இலக்க எண் இருக்கும். அதுவே லாட்டரிச் சீட்டு. கடைக்காரர்கள் வரி ஏய்க்காமல் இருக்க, வாங்குகிறவரையே ரசீது கேட்க வைக்கலாம் என்று 1951இல் தொடங்கிய ஏற்பாடு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒற்றைப்படை மாதங்களின் 25ஆம் தேதி குலுக்கல். பெரிய பரிசு 1 கோடி தைவான் டாலர். கடைசி மூன்று இலக்கம் பொருந்தினாலே 200 டாலர் உண்டு. ரசீதுக்கு மாண்டரினில் ‘ஃபா-பியாவ்’. புத்தாண்டுக்குச் சாமிக்குப் படைக்கும், தலை வெடித்துப் பூப்போல விரியும் அரிசி மாவுக் கேக்கின் பெயர் ‘ஃபா-காவ்’. இரண்டிலும் இருப்பது ஒரே ஃபா எழுத்து. பொங்குவது, பணக்காரராவது என்ற அர்த்தமும் அதற்கு உண்டு. இரண்டையும் ஒட்டினால் ‘ஃபா-பியாவ்-காவ்’. ஒரு பெட்டியில் மூன்று குட்டிக் கேக்குகள், ஒவ்வொன்றின் தலையிலும் சிவப்புச் சாயத்தில் ஓர் இலக்கம். உங்கள் ரசீதின் கடைசி மூன்று இலக்கத்தோடு பொருந்தினால் அடுத்த பெட்டி இலவசம்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘ரிசீட் கேக்’ என்று வைத்தீர்களானால் தொலைந்தது. வெளிநாட்டவருக்குக் காகிதத்தைத் தின்பதுபோல் இருக்கும். ‘ஜாக்பாட் கேக்’ என்று வையுங்கள். ரசீது போய்விட்டது, ஆசை வந்துவிட்டது.

இரண்டு பெயரும் அச்சாக ஒன்றாகவே இருந்தும் வேலை செய்யும் இடமும் உண்டு. தைவானில் குப்பை வண்டி இசையோடு வரும். பீத்தோவனின் ‘ஃபியூர் எலிசா’, இல்லையென்றால் போலந்துப் பெண் இசைஞர் ஒருவர் எழுதிய ‘ஒரு கன்னியின் பிரார்த்தனை’ என்ற பியானோ இசை. மஞ்சள் வண்டியின் சத்தம் கேட்டதும் தெருவே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும். குப்பையைத் தெருவில் வைத்துவிட்டுப் போக முடியாது, வண்டி வரும் நேரத்தில் நீங்களே கொண்டுவந்து போட வேண்டும். இப்போது, சேப்பங்கிழங்கு விழுது வைத்த இளஞ்சிவப்பு மோச்சி (ஒட்டும் அரிசி மாவு உருண்டை) ஒன்றை மஞ்சள் பெட்டியில் வைத்து, இரண்டு மொழியிலும் ‘கன்னியின் பிரார்த்தனை’ என்றே எழுதுங்கள். வெளிநாட்டவர் அடடா என்று உருகி வாங்குவார். பக்கத்தில் நிற்கும் தைவான்காரருக்குக் குப்பைப் பை ஞாபகம் வந்து சிரிப்பை அடக்க முடியாது. மாலையில் பத்து நிமிடம் மட்டுமே கடை திறந்திருக்கும் என்று சேர்த்தால் இன்னும் நன்றாக இருக்கும்.

சில எச்சரிக்கைகள்

ஆங்கில எழுத்தில் சீனப் பெயரை எழுதும்போது சீனாவின் பின்யின் முறையைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். தைவான் அரசு 2009இல் அதை ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனாலும் தைப்பே, சின்ச்சு, காவ்ஷியுங் போன்ற ஊர்ப் பெயர்களும் மக்களின் சொந்தப் பெயர்களும் இன்னும் பழைய எழுத்துமுறையில்தான் ஓடுகின்றன. எழுத்துக்கூட்டலைப் பார்த்தே இது சீனாவா தைவானா, எந்தக் கரையில் எழுதியது என்று சொல்லிவிடுவார்கள்.

நான்கு என்ற எண்ணைத் தவிருங்கள். சாவு என்ற சொல்லை ஒத்து ஒலிப்பது. சவப்பெட்டியே ஓடுகிறதே என்று கேட்கலாம். அங்கே ஒலி நல்லதாகத் திரும்பியது, நான்குக்கு அந்தத் தப்பிக்கும் வழி இல்லை. அரசு அங்கீகரித்த 16 பழங்குடி மக்களின் மொழிகளில் இல்லாத சொற்களை நீங்களாக உருவாக்கிப் பெயர் வைப்பதும் வேண்டாம். ஒரு மொழி தெரியாமல் அதன் சத்தத்தை மட்டும் எடுத்து விளையாடுவது கேலியாகத்தான் முடியும்.

பொருட்களில் மட்டும் தாராளமாக இருக்கலாம். வேர்க்கடலை மிட்டாயைச் சீவி, ஐஸ்கிரீமும் பச்சைக் கொத்தமல்லியும் சேர்த்து மெல்லிய மாவுத் தாளில் சுருட்டித் தின்கிற ஊர் அது. நீங்கள் எதைச் சொன்னாலும் பெரிதாக அதிர்ச்சி அடைய மாட்டார்கள்.

எனக்கு இன்னும் படியாத ஒன்று இருக்கிறது. புயல் வருகிறது என்றால் ஒவ்வொரு நகர நிர்வாகமும் பெரும்பாலும் முந்தைய மாலையே மறுநாள் விடுமுறையா இல்லையா என்று அறிவிக்கும். மக்கள் அதை ‘தாய்-ஃபெங் ஜியா’, புயல் விடுமுறை என்கிறார்கள். அறிவிப்புக்காகப் போனைப் பார்த்தபடி காத்திருப்பதும், கடைகளில் இன்ஸ்டன்ட் நூடுல்ஸ் காலியாவதும், மறுநாள் வெயிலடித்தால் சினிமாவுக்குக் கிளம்புவதும் எல்லாருக்கும் தெரிந்த காட்சி. வேகவைக்காமலே நொறுக்கித் தின்னும் நூடுல்ஸ் பாக்கெட் அங்கே ஏற்கெனவே உண்டு. அதைக் கொஞ்சம் மாற்றி, மசாலாத் தூளோடு ‘நாளை லீவு’, ‘நாளை வேலை’ என்று எழுதிய இரண்டு சீட்டில் ஒன்றை உள்ளே போட்டால் பண்டம் தயார். சீனப் பெயரும் ‘ஃபாங்-ஜியா மியன்’, விடுமுறை நூடுல்ஸ், என்று சுலபமாக வந்துவிட்டது.

ஆங்கிலம்தான் மடங்கவில்லை. ‘டைஃபூன்’ என்று போட்டால் வெளியூர்க்காரருக்கு வெள்ளமும் மண்சரிவும்தான் தெரியும், அதில் தப்பும் இல்லை. 2009இல் மொராகோட் புயலில் மட்டும் 600 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். புயலை எடுத்துவிட்டு ‘டே ஆஃப் நூடுல்ஸ்’ என்றால் அது எந்த நாட்டுப் பாக்கெட்டாகவும் இருக்கலாம். இப்போதைக்குச் சீனப் பெயரை மட்டும் எழுதி, ஆங்கிலத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.